வருமான வரியும் வீட்டு நிலமும்: இரு அமெரிக்க மாநிலங்கள் பற்றிய ஒரு நோக்கு

மாநில வருமான வரி இல்லாத இடத்தில் உழைப்பாளி எளிதில் வீடு வாங்கிவிடலாம் என்னும் கருத்து ஐக்கிய அமெரிக்காவிற் பரவலாக நிலவுகின்றது. வரியாகச் செல்லாத பணம் கையில் எஞ்சும், எஞ்சிய பணம் வீடாக மாறும் என்பதே அதன் சாரம். வரிச்சுமை எவ்வர்க்கத்தின்மீது எவ்வடிவில் ஏற்றப்பட்டது என்பதை நோக்காது இதனை ஏற்றல் பொருந்தாது. எதிரெதிர் வழிகளிற் சென்ற ரெக்சாஸ், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

1911இல் விஸ்கொன்சின் மாநிலம் நவீன வருமான வரியை நடைமுறைப்படுத்தும்வரை, நமது ஊர்களிற் சோலைவரி எனப்படுவதை ஒத்த ஆதனவரியே அங்கு பொதுச்செலவின் பிரதான ஊற்றாக இருந்தது. 1930களின் பெருமந்தத்தின்போது விவசாயிகளும் சிறு வீட்டுடைமையாளரும் அவ்வரியைச் செலுத்த இயலாது தவித்தனர். பல மாநிலங்கள் வருமான வரியை நாடின. கலிபோர்னியா 1935இல் அதனை விதித்தது. 1901 முதல் எண்ணெய் வளம் பெருகிய ரெக்சாஸ் அவ்வழியே செல்லவில்லை. அங்கு 1993இல், வாக்காளர் ஒப்புதலின்றி வருமான வரி விதிக்கலாகாது என அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. 2019இல் அது முற்றாகவே தடைசெய்யப்பட்டது.

ஆயினும் பாடசாலைகளுக்குப் பணம் வேண்டுமன்றோ? ரெக்சாசில் அதன் பெரும்பகுதி வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் விழுந்தது. இங்கேதான் கடன் வழங்குவோரின் கணக்கு முக்கியத்துவம் பெறுகின்றது. கடன் பெறுவோனின் தகுதியை அவர்கள் வரி கழிக்கப்படாத மொத்த வருமானத்தைக் கொண்டே அளவிடுகின்றனர். கடன் தவணை, ஆதனவரி, காப்புறுதி ஆகிய மூன்றும் அதில் 28 சதவீதத்தை மீறலாகாது என்பது நெடுங்கால வழக்கு. வருடம் 90,000 டொலர் உழைக்கும் ஒருவரைக் கொள்வோம். அவருக்கான மாத எல்லை 2,100 டொலர். 300,000 டொலர் வீட்டுக்கு ஆதனவரி 2 சதவீதமாயின் மாதம் 500 டொலர் அதற்கே சென்றுவிடும். 1 சதவீதமாயின் 250 டொலர் செல்லும். 6 சதவீத வட்டியில், 30 வருடத் தவணையில், இவ்வேறுபாடு 40,000 டொலருக்கு மேற்பட்ட கடனுக்குச் சமமாகும். வருமான வரியோ இக்கணக்கில் தோன்றுவதே இல்லை. கலிபோர்னியத் தொழிலாளி அதனைச் செலுத்தியும், செலுத்தாதவனைப் போலவே கடன் சுமக்க அனுமதிக்கப்படுகிறான். இடர் அவனது சமையலறையிலே வெளிப்படுகின்றது.

இனி, கலிபோர்னியாவின் குறைந்த ஆதனவரி எங்ஙனம் வந்தது? 1978 யூனில், வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 13ஆம் முன்மொழிவை ஆதரித்தனர். வரி பெறுமதியின் 1 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்தள்ளப்பட்டு, உடைமை கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரலாகாதென விதிக்கப்பட்டது. முதியோரின் வீட்டைக் காக்கும் ஏற்பாடென அது போற்றப்பட்டது. அக்காவலில் உண்மையும் உண்டு. ஆனால் அதே குடை பெருங் கம்பனிகளின் நிலங்களுக்கும் விரிக்கப்பட்டது. புதிதாக வாங்கியோரின் நிலை நோர்ட்லிங்கர் வழக்கில் தெளிவாயிற்று: 1988இல் லொஸ் ஏஞ்சலிசில் 170,000 டொலருக்கு வீடு வாங்கியவர், ஒத்த வீடுகளை 1975 முதல் உடைமையாகக் கொண்டிருந்த அயலவர் சிலரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி செலுத்த நேர்ந்தது. 1992இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அம்முறை செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

நிலத்தின் விலை என்பது முதலாக்கப்பட்ட வாரமே என மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் விளக்கினார். ஆதனவரி குறையுமிடத்து எதிர்கால வாரத்திற் கூடுதலான பங்கு உடைமையாளரிடம் தங்குகின்றது. அது விலையில் ஏறிவிடுகின்றது. வருமான வரி இன்மையும், வேலை தேடி மக்கள் திரளுமிடத்து, இவ்வாறே நிலவிலையாக மாறக்கூடும். கலிபோர்னியாவின் விலையேற்றத்திற்கு வரி மாத்திரமே காரணமன்று. கட்டடக் கட்டுப்பாடுகளும் தொழில்துறைச் செறிவும் பெரும் பங்கு வகித்தன. ரெக்சாசின் கடும் ஆதனவரி, எதிர்மாறாக, நிலவிலையை ஓரளவு அமுக்கி வைத்தது எனலாம். ஆயின் வாங்குவோன் விலையில் மிச்சம்பிடித்ததை மாதந்தோறும் வரியாகக் கட்டுகிறான். கலிபோர்னியாவின் பெரு வணிக நிலங்களை மாத்திரமேனும் நடைமுறைப் பெறுமதியில் மதிப்பிட வேண்டுமென 2020இல் முன்வைக்கப்பட்ட 15ஆம் முன்மொழிவு, மாநில வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டது.