தானியங்கித் திசைசார் துளையிடல்

தானியங்கித் திசைசார் துளையிடல் என்பது எண்ணெய், இயற்கை எரிவாயுக் கிணறுகளைத் தோண்டும்போது துளையிடு முனையை நிலத்தடியிலேயே வேண்டிய திசைக்குத் திருப்பும் தொழில்நுட்பம் ஆகும். கிணற்று வாய்க்கு நேர் கீழே இல்லாத பாறை அடுக்குகளையும் இதனால் எட்டலாம். ஒரே தளத்திலிருந்து பல கிணறுகளைத் தோண்டவும் இது பயன்படுகிறது.

இயங்கும் முறை

முந்தைய முறையில், வளைந்த உறை கொண்ட சேற்று மோட்டார் பயன்பட்டது. திசையை மாற்றக் குழாய்த் தொடரின் சுழற்சியை நிறுத்தி, முனையை மட்டும் சுழற்றுவர். சுழலாத குழாய் துளைச்சுவரில் உரசுவதால் வேகம் குறையும்; பாறைத்துகள்கள் படிந்து குழாய் சிக்கிக்கொள்வதும் உண்டு. சுழல் திசைதிருப்பு அமைப்பில் குழாய் இடைவிடாது சுழன்றுகொண்டிருக்கும். இது இரு வகைப்படும்.

* தள்ளும் வகை: கருவியின் திண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் குறித்த இடத்தில் நீண்டு துளைச்சுவரை அழுத்த, முனை எதிர்ப்பக்கம் தள்ளப்படும்.
* சாய்க்கும் வகை: முனையைத் தாங்கும் தண்டு சாய்க்கப்பட்டு, முனை வேண்டிய திசையை நோக்கும்.

முடுக்கமானிகள் சாய்கோணத்தையும் காந்தமானிகள் திசைக்கோணத்தையும் அளக்கின்றன. இவ்வளவீடுகள் துளையிடு சேற்றில் அழுத்தத் துடிப்புகளாக மேலே வருகின்றன. இவ்வழி மிக மெதுவானது. ஆகவே சிறு விலகல்களைக் கருவி தானே திருத்திக்கொள்கிறது.

வரலாறு

செருமனியில் 1990 முதல் 1994 வரை 9,101 மீட்டர் ஆழத்திற்குத் தோண்டப்பட்ட ஆய்வுக் கிணற்றில், துளையைச் செங்குத்தாக வைத்திருக்கத் தானே திருத்தும் கருவி பயன்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பேக்கர் இயூசு, சுலம்பர்சே ஆகிய நிறுவனங்கள் சுழல் திசைதிருப்பு அமைப்புகளை வணிக முறையில் அறிமுகப்படுத்தின.

காவிரிப் படுகையும் அரியலூரும்

கீழப்பழுவூர் அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்தில் கிரீத்தேசியக் காலப் பாறைகள் நிலமட்டத்திலேயே வெளிப்பட்டுள்ளன. கிழக்கே செல்லச் செல்ல இவை ஆழத்தில் புதைந்துள்ளன. காவிரிப் படுகையின் நரிமணம், புவனகிரி முதலிய இடங்களில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் கிணறுகளைத் தோண்டியுள்ளது.

2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அம்மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்தது. இயற்றப்பட்டபோது அரியலூர் மாவட்டம் அதில் சேர்க்கப்படவில்லை. 2021 சூன் மாதத்தில் இம்மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட அக்கழகம் அளித்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

திசைசார் துளையிடலால் தேவைப்படும் நிலப்பரப்பு குறைகிறது. எனினும் நீர்த்தேவையும், சேற்றுக் கழிவை அகற்றும் பொறுப்பும், நிலத்தடி நீர் அடுக்குகளை உறைக்குழாயிட்டுக் காக்கும் கடமையும் குறைவதில்லை. கிணற்றின் வாய் ஓர் ஊரிலும் அடி வேறோர் ஊரிலும் அமையக்கூடும். எனவே நிலப்பரப்பின் எல்லையை மட்டும் கொண்டு ஒரு கிணற்றின் வீச்சை அறிய இயலாது; அதன் நிலத்தடிப் பாதையையும் அறிதல் வேண்டும்.