உணவில் கனிம எண்ணெயைக் கண்டறிதல்

கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் ஹைட்ரோகார்பன்களின் கலவையே கனிம எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போலன்றி, இது காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறாது. இந்திய ஆய்வகங்கள் கையாளும் ஹோல்டே சோதனைக்கு இதுவே அடிப்படை. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் எண்ணெயைக் கொதிநீர்த் தொட்டியில் சூடாக்கி, பிறகு தண்ணீர் ஊற்றுவார்கள். கலங்கினால் கனிம எண்ணெய் உண்டு என்று சந்தேகிக்க வேண்டும். லாபத்துக்காகச் செய்யும் கலப்படத்தைப் பிடிக்க இது போதும். கிலோவுக்குச் சில மில்லிகிராம் என்ற அளவிலான மாசு இதில் தப்பிவிடும்.

அந்தச் சிறு மாசு பெரும்பாலும் யாரும் கலக்காமலே வந்து சேர்கிறது. சணல் நாரை மென்மையாக்க ஆலையில் தெளிக்கும் எண்ணெய், சாக்கிலிருந்து காப்பிக்கொட்டைக்கும் கோகோவுக்கும் ஏறும். செய்தித்தாளின் அச்சு மை, மறுசுழற்சி அட்டைப்பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து ஆவியாகி, உள்ளே இருக்கும் காகித உறையையும் கடந்துவிடும்.

2008இல் உக்ரைன் சூரியகாந்தி எண்ணெயில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கனிம எண்ணெய் காணப்பட்டபோது, அது எந்த வகை என்ற கேள்வி எழுந்தது. நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் உடலில் தேங்கக்கூடியவை. அரோமாட்டிக் வகையில் சிலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உண்டு. ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். சூரிச் மாநில ஆய்வகத்தில் கோனி குரோப் குழு வளர்த்தெடுத்த முறையில், திரவ குரோமடோகிராபி கொழுப்பைத் தடுத்து நிறுத்தி இவ்விரு பகுதிகளையும் பிரிக்கும். அவை நேரே வாயு குரோமடோகிராபிக்குள் செல்லும். சுடர் அயனியாக்க உணர்வி எல்லா ஹைட்ரோகார்பனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் துலங்குவதால், ஆயிரக்கணக்கான சேர்மங்களையும் ஒன்றாகக் கூட்டி அளக்க முடிகிறது.

இந்த உணர்வி தரும் வரைபடத்தில் தெரிவது கூர்முனைகள் அல்ல. மாட்டுத் திமில் போன்ற ஒரு மேடு. சிக்கலும் அதில்தான். செடிகளின் மெழுகில் இயல்பாகவே உள்ள ஆல்கேன்கள் அதன்மேல் முள்ளாக நிற்கும். அவற்றை அலுமினா நிரப்பிய குழாய் வழியாக நீக்கலாம். ஆலிவ் எண்ணெயின் ஸ்குவாலீன் அரோமாட்டிக் பகுதியில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். அதை எபாக்சைடாக மாற்றி விலக்குவார்கள். அப்போது அரோமாட்டிக் சேர்மங்களிலும் கொஞ்சம் இழப்பு நேரலாம். பாலித்தீன் உறையிலிருந்து கசியும் சிறு மூலக்கூறுகளோ நிறைவுற்ற பகுதியில் கனிம எண்ணெய் போலவே தோன்றும். ஐயம் வந்தால் இருபரிமாண வாயு குரோமடோகிராபிதான் துணை. இத்தனைக்குப் பிறகும் மேட்டின் அடிக்கோட்டை எங்கே வரைவது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2022இல் அரோமாட்டிக் பகுதிக்கு ஒப்புக்கொண்ட வரம்புகள் கிலோவுக்கு மில்லிகிராமில்: கொழுப்பு குறைந்த உலர் உணவுக்கு 0.5, கொழுப்பு 4 விழுக்காட்டைத் தாண்டினால் 1, எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் 2.