போகாத பயணமும் நியாயமான இழப்பீடும்: மோட்டார் விபத்துச் சட்டத்தில் ஒரு விடுபட்ட வரி

தமிழ்நாட்டின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் தாக்கலாகும் மனுவை நீதிமன்ற வளாகத்தில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். கோரும் தொகையைத் தலைப்புவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று அதில் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, சத்துணவு, உடனிருந்து கவனித்தவர் செலவு, உடை சேதம், மருந்துச் செலவு, வருமான இழப்பு, வலியும் வேதனையும் என்று அது இறங்கிக்கொண்டே போகும். விபத்தில் கிழிந்த சட்டைக்குக்கூட அங்கே ஒரு வரி உண்டு. விபத்தால் ரத்தான பயணத்துக்கு வழக்கமாக எந்த வரியும் இருப்பதில்லை. மனுதாரர் அதைத் தம் வழக்கறிஞரிடம் சொல்வதில்லை, வழக்கறிஞரும் கேட்பதில்லை. மாதக்கணக்கில் சேமித்துக் கட்டிய பணம் இப்படி ஓசையில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

இந்த இழப்பை ஏற்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, இருக்கிற சட்டமே போதும் என்பது என் வாதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு இட்ட கட்டளை, நியாயமான இழப்பீட்டை நிர்ணயிக்க வேண்டும் என்பதே. ரத்தான பயணத்துக்காகச் செலவழிந்த பணம் அந்த இழப்பீட்டில் சேரும். பயணமே கைநழுவியதற்கான மனத்துயரமும், ஒரு வரம்புக்குள், சேரும்.

பேச்சுக்கு ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். கும்பகோணத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தாய் தந்தை, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு காசிக்குப் போக ஏற்பாடு செய்கிறார். ஆறு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. காசியில் தங்கவும் பிரயாகை, கயை போய்வரவும் பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. புறப்படும் நாளுக்கு முந்தின மாலை, ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவரைப் பின்னால் வந்த கார் மோதுகிறது; முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. அடிபட்டவர் ஒருவர், நின்றுபோனது ஆறு பேரின் பயணம்.

இந்தக் குடும்பம் முதலில் தட்டும் கதவுகள் எவையும் முழுதாகத் திறப்பதில்லை. ரயில்வேயின் 2015ஆம் ஆண்டுக் கட்டணத் திருப்ப விதிகள் கடிகாரத்தை மட்டுமே பார்க்கின்றன. அவை 2015இல் வகுத்தபடி, உறுதியான டிக்கெட்டை வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் வகுப்புக்கு ஏற்ப ஒரு நிலையான பிடித்தம். 48 முதல் 12 மணி வரை கால்வாசி. 12 முதல் 4 மணி வரை பாதி. அதன்பின் எதுவும் திரும்பாது. உறுதியான தட்கல் டிக்கெட் என்றால் தொடக்கத்திலிருந்தே எதுவும் திரும்பாது. 24 மணி நேரத்துக்கு முன் கேட்டால் குடும்பத்தில் வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். குடும்பமே நின்றுவிட்ட இடத்தில் அது உதவாது. ஐ.ஆர்.சி.டி.சி. வழியே சில பைசாவுக்குக் கிடைக்கும் விருப்பக் காப்பீடு ரயில் பயணத்தின்போது நேரும் விபத்துக்கானது. ரயிலடிக்கு வரும் முன் தெருவில் நேர்ந்ததற்கு அதில் இடமில்லை. ரயில்வே தவறேதும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டி போனது, இருக்கை காத்திருந்தது.

பயண ஏற்பாட்டாளர் விஷயம் வேறு. 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதாலேயே அது சட்டமாகிவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமானதையே பெற முடியும். இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று கைலாஷ் நாத் வழக்கில் (2015) டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வழக்கு மனையைப் பற்றியது; கொள்கை பயணத்துக்கும் பொருந்தும். காலியான ஆறு இடங்களை வேறு ஆறு பேருக்கு விற்ற ஏற்பாட்டாளருக்கு என்ன இழப்பு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆனால் அந்த அடிப்படையில் புகார் செய்ய மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. மாநில ஆணையத்தைத்தான் நாட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக, அதுவும் காலில் கட்டோடு, யார் போவார்கள்?

ஆகவே கேள்வி இயல்பாக மோதியவரிடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமும் வந்து நிற்கிறது. நிற்க வேண்டிய இடமும் அதுதான். தவறு செய்தவர் அங்கேதான் இருக்கிறார்.

உடற்காய வழக்குகளுக்கான தலைப்புகளை ராஜ்குமார் எதிர் அஜய் குமார் (2011) வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. பண இழப்பில் முதல் தலைப்பு சிகிச்சை, மருத்துவமனை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு, 'இதர செலவு' ஆகியவை அடங்கியது. இரண்டாவது வருமான இழப்பு, மூன்றாவது எதிர்கால மருத்துவச் செலவு. பணமல்லாத இழப்பில் வலி, வேதனை, அதிர்ச்சி ஒரு தலைப்பு. வாழ்க்கை வசதி இழப்பு இன்னொன்று. ஆயுள் குறைவு மற்றொன்று. ரத்தான டிக்கெட்டின் திரும்பாத தொகை முதல் தலைப்பின் 'இதர செலவில்' அடங்கும் என்பதே என் வாசிப்பு. காப்பீட்டு நிறுவனம் இதைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவு கட்டாயமாக்கும் காப்பு, உடற்காயம் 'தொடர்பாக' எழும் பொறுப்பை ஏற்கிறது. காயத்தின் மருந்துச் சீட்டோடு அது நின்றுவிடுவதில்லை.

மூன்று மறுப்புகள் வரும். ஆசிரியர் காசிக்குப் போகவிருந்தது கார் ஓட்டியவருக்கு எப்படித் தெரியும் என்பது முதலாவது. இது ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வியைத் தீங்கியல் சட்டத்தில் கொண்டுவந்து கேட்பது. ஒப்பந்தத்தில்தான் இழப்பு இரு தரப்பும் முன்பே அறிந்ததா என்று பார்க்கிறோம். 1854இன் ஹேட்லி வழக்கும் நம் 73ஆம் பிரிவும் அதைச் சொல்கின்றன. தீங்கியலில் இழப்பின் வகை முன்கூட்டி ஊகிக்கத்தக்கதாக இருந்தால் போதும். அளவையும் விவரத்தையும் ஊகித்திருக்க வேண்டியதில்லை. சாலையில் போகிற எவருக்கும் நாளை ஒரு வேலை, ஒரு பயணம், ஒரு முகூர்த்தம் இருக்கும் என்பதை ஊகிக்கத் தனி அறிவு தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஜெர்மானியச் சட்டத்திலிருந்து எழுவது. சாலை விபத்தில் காயமடைந்து, குத்தகைக்கு எடுத்த காட்டில் வேட்டையாட முடியாமல்போன ஒருவர் அந்தக் காலத்துக்கான குத்தகைப் பணத்தைக் கேட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1970இல் மறுத்தது. விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தச் செலவு செலவுதான். விபத்து அதை உண்டாக்கவில்லை என்பது அடிப்படை. தர்க்கம் கூர்மையானது. ஆனால் டிக்கெட் அந்தக் குத்தகை போன்றதல்ல. குத்தகைக் காலம் நீண்டது. அதன் ஒரு பகுதி பயன்படாமல்போனதற்குத் தனி விலை சொல்வது கடினம். டிக்கெட்டோ ஒரு நாளுக்கும் ஒரு வண்டிக்கும் மட்டுமே உரியது, விலை மேலேயே எழுதியிருப்பது. விபத்துக்கு முந்தின நிமிடம்வரை விலையுள்ள ஓர் உரிமை ஆசிரியரின் கையில் இருந்தது. விபத்து அதை வெறும் காகிதமாக்கியது. அழிந்தது அந்த உரிமையின் மதிப்பு. முன்பே செய்த செலவைத் திருப்பிக் கேட்பதாக இதை எண்ணுவது பிழை.

பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்ற மூன்றாவது மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டாம். விபத்துக்கு முன்தேதியிட்ட பி.என்.ஆர். எண்ணைப் பின்னால் உருவாக்க முடியாது. சத்துணவுக்கு ரசீது கேட்காமலே தொகை வழங்கும் தீர்ப்பாயம், தேதியும் தொகையும் அச்சிட்ட டிக்கெட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

பணமல்லாத இழப்பு இதைவிடச் சிக்கலானது. இங்கிலாந்தில் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கு (1973) விடுமுறை ஏமாற்றத்துக்கே விலை வைத்தது. சுவிட்சர்லாந்துப் பயணத்துக்கு அறுபத்துச் சொச்சம் பவுன் கட்டியவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுன் வழங்கியது. ஆனால் அது பயண நிறுவனத்தின் ஒப்பந்த மீறல். சாலை விபத்துக்கு நெருக்கமானது இக்கார்ட் எதிர் ஃபிராங்கூலிஸ் (1977): விடுமுறை இன்பம் பறிபோனதைத் தனித் தலைப்பாக ஆக்காமல் பொது இழப்பீட்டை மதிப்பிடும்போது கருதலாம் என்றது அத்தீர்ப்பு. நமக்கும் இதுவே உகந்த வழி. எந்தத் தலைப்பில் என்பதில்தான் கவனம் தேவை. வாழ்க்கை வசதி இழப்பின்கீழ் கேட்கவே நம் வழக்கறிஞர்களின் கை போகும். ஆனால் சாதாரணக் காயங்களில் சிகிச்சைச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, வலி-வேதனை ஆகிய மூன்றுக்கு மட்டுமே இழப்பீடு. மற்றவை தனி மருத்துவச் சான்றுள்ள கடுங்காயங்களுக்கே என்கிறது ராஜ்குமார் தீர்ப்பு. ஆறு மாதத்தில் கூடிவிடும் எலும்பு முறிவுக்கு வசதி இழப்புக் கதவு அடைபட்டது. ஆகவே வலி, வேதனை, அதிர்ச்சி என்ற தலைப்பிலேயே இதைக் கேட்க வேண்டும்.

எல்லாப் பயணத்துக்கும் அப்படிக் கேட்க முடியுமா? முடியாது, கேட்கவும் கூடாது. ஊட்டிக்கு அடுத்த மாதமும் போகலாம். பணம் திரும்பி வந்தால் பயணமும் திரும்பி வரும். அதற்கு மேல் மனவேதனைக்கும் தொகை கேட்பது ஒரே இழப்புக்கு இரண்டு முறை கேட்பதாகும். தள்ளிப்போட முடியாத பயணம் வேறு. காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 1979இல் எழுந்தருளினார்; பிறகு 2019இல் 48 நாள். அடுத்தது 2059. அந்த நாட்களில் போகவிருந்து அடிபட்டுக் கிடந்த எழுபது வயதுப் பெரியவருக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்ததா? மகாமகமும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். உடன்பிறந்தாள் மகள் கல்யாணம், வெளிநாட்டில் படித்த பிள்ளையின் பட்டமளிப்பு, கடைசி மூச்சில் இருக்கும் தாயைப் பார்க்கக் கிளம்பிய பயணம் எல்லாம் இவ்வகை. பயணம் மீண்டும் வாய்க்குமா என்ற கேள்வியைத் தீர்ப்பாயம் அளவுகோலாகக் கொள்ளட்டும்.

இனி, அடிபடாத ஐந்து பேர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி மனுச் செய்யக்கூடியவர் காயமடைந்தவர், சேதமான சொத்தின் உரிமையாளர், இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதி, அல்லது இவர்களால் அதிகாரம் பெற்ற முகவர். காயமே படாத மனைவியும் பிள்ளைகளும் அதில் இல்லை. இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. ஆனால் ஆறு டிக்கெட்டுக்கும் பணம் கட்டியவர் ஆசிரியர். அவர் இல்லாமல் முதிய தாய் தந்தையும் சிறு பிள்ளைகளும் போயிருக்க முடியாது. எனவே ஆறு டிக்கெட்டும் காயமடைந்தவரின் சொந்தப் பண இழப்பே. அவர் மனுவிலேயே முழுதும் கேட்கலாம். இங்கிலாந்தின் ஜாக்சன் எதிர் ஹொரைசன் ஹாலிடேஸ் வழக்கில் (1975) குடும்பத்துக்காக ஒப்பந்தம் செய்த தந்தை குடும்பத்தின் ஏமாற்றத்துக்கும் சேர்த்து இழப்பீடு பெற்றார். அதன் அடிப்படையைப் பிரபுக்கள் சபை 1980இல் குறை கூறியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மற்றவர்களின் மனத்துயரத்தைக் கேட்கவில்லை. பணம் கட்டியவரின் பணத்தைத்தான் கேட்கிறோம். மாறாக, வேலைக்குப் போகும் தம்பி தன் பணத்தில் எடுத்த டிக்கெட்டை அண்ணனுக்காக ரத்து செய்தால், இந்த மனுவில் அதற்கு இடமில்லை. அது குறைதான், சட்டத்தின் சொற்கள் அதற்கு மேல் நீளவில்லை.

காயமடைந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. இழப்பைக் குறைக்க முடிந்ததைச் செய்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர் கடிகாரம் பார்க்க மாட்டார். வீட்டில் ஒருவராவது அன்றே ரத்து செய்ய வேண்டும். ரயில்வே திருப்பித் தந்ததும் ஏற்பாட்டாளர் தந்ததும் கோரிக்கையில் கழிக்கப்பட வேண்டும். பயணக் காப்பீடு ஏதேனும் பணம் கொடுத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும்; ஆயுள் காப்பீட்டுத் தொகையைக் கழிக்கக் கூடாது என்ற ஹெலன் ரெபெல்லோ தீர்ப்பை (1999) இதற்குத் துணையாகக் கொள்வது சரியல்ல. பயணக் காப்பீடு இதே இழப்பை ஈடுகட்டவே எடுக்கப்பட்டது.

கோரியதைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் வழங்கலாம் என்று நாகப்பா எதிர் குருதயாள் சிங் வழக்கு (2003) சொல்லியிருக்கிறது. ஆயினும் ஆவணம் முன்னே இல்லாமல் எந்த நீதிபதியும் பயணத்தை ஊகித்துத் தொகை எழுதமாட்டார். ஆகையால் மனு எழுதும் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: காயமடைந்தவரிடம் அந்த வாரம் எங்காவது போகவிருந்தாரா என்று கேளுங்கள். போகவிருந்தார் என்றால், டிக்கெட்டையும் ரத்துச் சீட்டையும் ஏற்பாட்டாளர் ரசீதையும் பயணம் கூடாது என்ற மருத்துவர் குறிப்பையும் சான்றாவணமாகக் குறியிடுங்கள். அட்டவணையில் உடை சேதத்துக்குக் கீழே 'ரத்தான பயணச் செலவு' என்று ஒரு வரி சேருங்கள்.