பரங்கிப் புண்

ஒரு நோயின் பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியிருப்பதுண்டு. 'பரங்கிப் புண்' அத்தகையது. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தனர். அடுத்த நூற்றாண்டில் பாவமிசிரர் தமது வடமொழி மருத்துவ நூலில் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' என்று குறித்தார். வட நாட்டுக் கடைகளில் நாம் காணும் 'சோப்சீனி'யே தமிழ்நாட்டுப் பரங்கிப்பட்டை. அதனையும் பாதரசத்தையுமே மருத்துவர் நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

1905-இல் ஷௌடின், ஹோஃப்மன் என்னும் ஜெர்மானியர் இந்நோயின் திருகு வடிவக் கிருமியைக் கண்டனர். 1906-இல் வாசர்மன் குழுவினர் இரத்தச் சோதனையை வகுத்தனர். 1910-இல் ஏர்லிக், ஹாட்டா ஆகியோரின் சால்வர்சான் வழக்கிற்கு வந்தது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி நால்வருக்குப் பெனிசிலின் செலுத்திக் குணங்கண்டார்.

முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை, மருந்தின்றியே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றி மறையும். நோயோ உடலில் தங்கி, ஆண்டுகள் கழிந்தபின் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கருவிலுள்ள சிசுவையும் பற்றும். தொடக்கநிலையில் ஒரு தவணை பென்சதீன் பெனிசிலின் ஊசியே போதுமானது. கணவன், மனைவி இருவரும் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். உற்றார் அருகில்லாத அயலூரில் வாழும் நாம், நாணத்தால் அரசினர் மருத்துவமனைக்குச் செல்லாதிருத்தல் தகாது.