ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு: மாநிலத்துக்குள்ளேயே ஓர் இடப்பெயர்வு

ஜொகூர் மாநிலத்தின் 10 மாவட்டங்களுள் ஒன்று குளுவாங். அதில் அடங்கிய சிறு பட்டணம் ரெங்கம். கெமாஸ் – ஜொகூர் பாரு ரயில் பாதை 1909-இல் நிறைவடைந்த பிறகு, இவ்வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவ வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தன.

வேலை போனால் வீடும் போகும்

தோட்டத்து லய வீடுகள் நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. வேலை இருக்கும் வரைதான் வீடு. எனவே, தோட்டம் கைமாறினாலோ வேலையாள்கள் குறைக்கப்பட்டாலோ, குடும்பம் முழுவதுமே வெளியேற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கும் சொந்த வீடு இல்லாத நிலையே இருந்தது.

1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நாடு முழுவதும் இந்த நெருக்கடி எழுந்தது. அதற்கு மாற்றாக, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பின்னர் ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆள்களே போதும்.

தெற்கு நோக்கி

அதே காலத்தில் தெற்கே தொழிற்சாலைகள் வளர்ந்தன. பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் 1977-இல் இயங்கத் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் கூலாய், ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் ஆகிய இடங்களுக்கும், பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றனர். முதலில் வாடகை வீடு, பிறகு தாமானில் மலிவு விலை வீடு, அதன்பின் பெற்றோரையும் அழைத்துக்கொள்வது எனப் பல குடும்பங்கள் படிப்படியாக நகர்ந்தன.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜொகூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 40 லட்சம். அதில் ஜொகூர் பாரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 17 லட்சம் பேர். குளுவாங் மாவட்டத்தில் சுமார் 3.2 லட்சம் பேர்.

பள்ளியும் கோயிலும்

குடும்பங்கள் வெளியேறியதும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. தாமான்களுக்கு அருகிலுள்ள பள்ளிகளிலோ இடநெருக்கடி. மாணவர் குறைந்த பள்ளியின் உரிமத்தை மக்கள் வாழும் பகுதிக்கு மாற்றுவது நாட்டில் பின்பற்றப்படும் ஒரு தீர்வு. கோயிலை அப்படி மாற்றுவது எளிதல்ல. தோட்ட நிலத்தில் இருக்கும் கோயிலுக்கு நிலப் பட்டா இல்லாவிட்டால், நிலம் கைமாறும்போது அதன் இருப்பே கேள்விக்குறியாகிவிடும். ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்புவோர் இதையும் கவனத்தில் கொள்வது நல்லது.

முகவரியை மாற்றிவிட்டீர்களா?

வீடு மாறியவர்கள் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் அடையாள அட்டை முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். வாக்களிக்கும் தொகுதியை மாற்றத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல், வாழ்வது பாசிர் கூடாங்காக இருந்தாலும் வாக்கு பழைய ஊரிலேயே இருக்கும்.