சேரிக்குச் சென்ற பேராசிரியர்

கொழும்பு மாநகரின் வடபால் உள்ளது கொட்டாஞ்சேனை; தென்பால் உள்ளது வெள்ளவத்தை. முன்னதில் 1902ஆம் ஆண்டில் தோன்றிய விவேகானந்த சபையும், பின்னதில் இராமகிருஷ்ண மிஷனும் நிலைபெற்றுள்ளன. இவ்விரண்டிற்கும் தூண்டுகோல் ஒருவரே. 1897 ஜனவரி 15ஆம் நாள், மேனாடுகளிலிருந்து திரும்பும் வழியில், சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். ஏழையின் வடிவிலே இறைவனைக் கண்டு தொண்டு செய்க என்பது அவர் போதனை. அவ்வாண்டு மே மாதத்திலேயே கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷன் உருவாயிற்று.

அப்போதனையைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட ஈழத்தவர் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபருமானார். அந்நாளில் அத்தகைய கல்விக்கு எப்பதவியும் எளிதிற் கிட்டும். அவரோ 1922இல் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார்; 1924இல் துறவு பூண்டார்.

தாயகம் மீண்ட அடிகள் பாடசாலைப் பணியை மேற்கொண்டார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. பாடசாலை அமைத்தல் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். பெற்றோரை இழந்த சிறுவனும், ஒருவேளை உணவுக்கே அல்லலுறும் குடும்பத்துச் சிறுவனும் பள்ளி வாயிலை மிதிப்பது எங்ஙனம்? உண்ண உணவும் உறைய இடமும் கிடைத்த பின்னரன்றோ ஏடு கைக்கு வரும்? ஆதலின் பள்ளியும் மாணவர் இல்லமும் அங்கே இணைந்து வளர்ந்தன.

வறுமையினும் கொடிய தடை ஒன்று அக்காலத்தில் இருந்தது. அது சாதி. இலங்கையின் வடபாலுள்ள பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலே அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குச் சம ஆசனம் வழங்குமாறு 1930ஆம் ஆண்டளவில் விதி பிறந்தபொழுது எதிர்ப்புப் பெரிதாயிற்று; பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு குழந்தை வாங்கில் அமர்வதைப் பொறாது பள்ளியையே எரித்த காலம் அது.

இத்தகைய சூழ்நிலையிலேதான், 1931இல், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அடிகள் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். நந்தனார் வரலாற்றால் பெயர்பெற்ற அத்தலத்திற்கு அண்மையில் திருவேட்களம் உள்ளது. அங்கே சேரி மக்கள் வாழ்ந்தனர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் தோன்றியது 1939இலேதான். அடிகள் அங்கிருந்தபொழுது சேரிச் சிறுவனுக்குக் கோயில் வாயில் திறந்திருக்கவில்லை. பகலில் பட்டதாரி மாணவர்க்கு இலக்கியம் விரித்துரைத்த பேராசிரியர், ஓய்வு நேரத்தில் அச்சேரிக்குச் சென்று சிறார்க்கு எழுத்தறிவித்தார். சேரியைத் தம்மிடம் வருமாறு அழைக்காமல், தாமே சேரிக்குச் சென்றார் என்பதுதான் இங்கே உற்று நோக்கத் தக்கது. இரண்டாண்டுகளுக்குப் பின் பேராசிரியப் பதவியை விட்டு நீங்கி, மீண்டும் மிஷன் பணியிற் கலந்தார்.

1943இல் கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவரே முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அடிகள் மறைந்தார். அவர் திருவுடல் அடக்கம் பெற்றது பல்கலைக்கழக முற்றத்தில் அன்று. கல்லடி உப்போடையில், பிள்ளைகள் பயிலும் சிவானந்த வித்தியாலய வளவிலே.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் நடத்திய பாடசாலைகள் அரசின் பொறுப்பாயின. ஆயினும் சிறுவர் இல்லப் பணி நின்றுவிடவில்லை. வெள்ளவத்தையில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடைபெறுகின்றது. கொட்டாஞ்சேனைச் சபை நாடெங்குமுள்ள மாணவர்க்குச் சைவ சமயப் பரீட்சை நடத்துகின்றது. ஊதியம் கருதாத தொண்டர் பலரின் உழைப்பு இவற்றைத் தாங்கி நிற்கின்றது.

வசதி படைத்த நாடுகளின் இளைஞர் இக்காலத்தில் கடல் கடந்து சென்று, ஆபிரிக்கக் கண்டத்தின் வறிய ஊர்களிற் சிறுவர்க்குக் கற்பித்துச் சில வாரங்களில் மீளுகின்றனர். அதுவும் நற்பணியே. ஆனால், தூரத்தை அளக்கும் கோல் கடல் மட்டும் அன்று. பல்கலைக்கழகத்துக்கும் திருவேட்களச் சேரிக்கும் இடையே இருந்தது சிறிது தூரமே. எனினும் அதனைக் கடந்து சென்ற கற்றோர் மிகச் சிலர். கொழும்பிலும் உயர்ந்த மாடிகளின் பின்புறம் நெருக்கமான தோட்டங்கள் உள்ளன. அங்கே மாலையில் விளக்கேற்றி ஏடு விரிக்கும் பிள்ளைக்கு அருகில் அமர்ந்து ஒரு மணி நேரம் கற்பிப்பவர், அடிகள் நடந்த வழியிலேயே நடப்பவராவார்.