ஒரு விடைத்தாளின் பயணம்

நவம்பர் மழையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நிரம்பும் நாட்களில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வுகளும் வரும். வேளச்சேரி–தாம்பரம் சாலை நெரிசலைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய்ச் சேரும் மாணவரின் கையில் காலை ஒரு விடைத்தாள் கொடுக்கப்படுகிறது. மூன்று மணி நேரம் அது அவருடையது. பகுதி அ-வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், பகுதி ஆ-வில் ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், கடைசியில் ஒரு 15 மதிப்பெண் கேள்வி, மொத்தம் 100.

மணி அடித்ததும் அது பண்டலுக்குள் போகிறது. பதிவெண் மறைந்து டம்மி எண் ஏறுகிறது. எழுதியவர் யார், எந்தக் கல்லூரி என்று திருத்துபவருக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது ‘கீ’ எனப்படும் விடைக்குறிப்பு மட்டுமே.

அந்தத் தாளின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. உத்திரம் ஒன்றின் பெண்டிங் மொமென்ட் காணும் 13 மதிப்பெண் கணக்கை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு 3, சூத்திரத்துக்கு 3, கணக்கீட்டுக்கு 5, அலகோடு விடைக்கு 2 என்று கீ பிரித்திருந்தால், நடுவில் ஒரு குறியைத் தவறவிட்டவருக்கும் எட்டு, ஒன்பது கிடைக்கும். பிரிக்காமல் விட்டால் ஒருவர் ஒன்பது போடுவார். கடைசி விடையை மட்டும் பார்ப்பவர் இரண்டோடு நிறுத்துவார்.

அந்த வித்தியாசம் சிறியதல்ல. 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60; தாளின் 100 மதிப்பெண் 60-ஆகச் சுருக்கப்படும். செமஸ்டர் தேர்வில் 45 சதவீதமும் மொத்தத்தில் 50-ம் வேண்டும். தாளில் 45 எடுத்தவர் இன்டர்னலில் 23 வைத்திருந்தால் ‘சி’ கிரேடோடு தேறிவிடுவார். 44 எடுத்தவர் இன்டர்னலில் 40-க்கு 40 வாங்கியிருந்தாலும் அவருக்கு ‘யு’, அரியர்தான்.

முடிவு வந்த பிறகும் சில தாள்களின் பயணம் தொடர்கிறது: பணம் கட்டி நகல், பிறகு மறுமதிப்பீடு. 2017 ஏப்ரல்–மே தேர்வுக்குப் பின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீடு கேட்டார்கள். அதில் பணம் வாங்கி மதிப்பெண் கூட்டியதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. நேர்மையாகப் படித்துத் தேறியவர்களின் சான்றிதழ் மீதும் சந்தேகம் படிந்ததுதான் அதில் பெரிய கொடுமை.

திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் தாளை மட்டும் பார்த்தால் போதாது. மதிப்பெண் பிரிப்போடு கூடிய விடைக்குறிப்பும் நகலோடு சேர்ந்து மாணவர் கைக்கு வர வேண்டும். எந்தப் படியில் தவறினோம் என்று தெரிந்தால்தான் தேறாதவர் அடுத்த முறை தேறுவார். தவறாகத் திருத்தியிருந்தால் அதையும் ஆதாரத்தோடு கேட்பார்.